இந்தக் கணினியைப் பயன்படுத்தப்போவது யார்?

அட்டைப் பெட்டியின் ஒட்டுநாடாவைச் சென்னியப்பன் பிய்க்கவில்லை, பழைய பிளேடால் ஓரம் ஓரமாகக் கீறி எடுத்தார், பெட்டி கிழிந்தால் திருப்பி அனுப்ப முடியாது என்று எங்கோ படித்திருந்தார், திருப்பி அனுப்பும் எண்ணம் இருந்ததா என்று கேட்டால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பார், ஆனாலும் எதற்கும் ஒரு வழி திறந்து வைத்துக்கொள்வது முப்பத்து நான்கு வருடம் தாலுகா ஆபீசில் குப்பை கொட்டியவரின் புத்தி, அது ஓய்வு பெற்றதோடு ஓய்ந்துவிடுமா. மணி இரண்டே கால். உள்ளறையில் வசந்தாமணி மாத்திரை போட்டுக்கொண்டு படுத்திருந்தாள். நாலு மணி வரைக்கும் எழுந்திருக்க மாட்டாள். அவள் மூச்சு இப்போதெல்லாம் மூக்கு வழியாக வருவதில்லை, கழுத்தின் நடுவில் போட்ட துளை வழியாக, அதன்மேல் கட்டிய வெள்ளைத் துணியைத் தாண்டி உஸ்ஸென்று வருகிறது, வந்து போகிறது, முதல் இரண்டு நாள் அந்தச் சத்தத்தில் அவருக்குச் சோறு இறங்கவில்லை, இப்போது அந்தச் சத்தம் கொஞ்சம் நின்றால்தான் பயமாக இருக்கிறது. குரல்வளையை எடுத்து இருபத்து நாலு நாள். வீட்டுக்கு வந்து பத்து நாள். இந்தப் பத்து நாளில் அவள் அவரிடம் ஒரு வார்த்தை எழுதிக்கூடக் காட்டவில்லை. நோட்டும் பேனாவும் தலைமாட்டிலேயே இருக்கின்றன, முதல் பக்கத்தில் பேனா எழுதுகிறதா என்று அவரே போட்டுப் பார்த்த சுழி மட்டும் இருக்கிறது. அதனால்தான் பெங்களூரிலிருந்து மகள் பூங்கொடி இதை அனுப்பியிருக்கிறாள், சின்ன லேப்டாப், இரண்டு கல்யாணப் பத்திரிகையை ஒன்றன்மேல் ஒன்று வைத்த கனம்கூட இல்லை, எழுதினால் அது வாய்விட்டுப் பேசுமாம், விசைகளின் மேல் தமிழ் எழுத்து ஒட்டியே வந்திருக்கிறது. "அம்மா எந்திரிக்கறதுக்குள்ள எல்லாம் செட் பண்ணி வெச்சிருங்கப்பா, பழகறதுக்குள்ள வெறுத்துப் போயிரக் கூடாது," என்று காலையில் போனில் சொன்னாள். சரி அம்மிணி என்றார். சரி என்று சொல்வதில் அவருக்கு எந்தக் காலத்திலும் கஷ்டம் இருந்ததில்லை.

சாப்பாட்டு மேஜையில் துணி விரித்து, அதன்மேல் வைத்து, மின்கம்பியைச் சொருகி, ஓரத்துப் பொத்தானை அழுத்தினார். திரை கறுப்பாகவே இருந்தது, கறுப்பில் தன் முகம் தெரிந்தது, சவரம் செய்து நாலு நாள் ஆகியிருந்தது, பிறகு ஒளி வந்து முகம் போயிற்று. எந்த நாடு என்று கேட்டது. எந்த மொழி என்று கேட்டது. விசைப்பலகை இதுதானா, சரியா, இன்னொன்று வேண்டுமா. கேள்வி மரியாதையாகத்தான் இருந்தது, அவர் ஆபீசில் மனு கொடுக்க வந்தவர்களிடம் அவர் இவ்வளவு மரியாதையாகக் கேட்டதில்லை. வைஃபை கடவுச்சொல்லைச் சின்னத் தாளில் எழுதிப் பர்ஸில் வைத்திருந்தார், ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடித்தார், ஏற்றுக்கொண்டது. அடுத்த பக்கத்தில், இந்தக் கணினியைப் பயன்படுத்தப்போவது யார் என்று கேட்டு ஒரு நீளக் கட்டத்தைக் காட்டியது. அவர் யோசிக்கவே இல்லை. சி. சென்னியப்பன் என்று அடித்து அடுத்து என்பதை அழுத்திவிட்டார். புள்ளிகளைச் சுழற்றிச் சுழற்றிக் காட்டிவிட்டு, வணக்கம் சி. சென்னியப்பன் என்று திரை முழுக்கப் பெரிதாக வந்ததும்தான் கை நின்றது. அட கிரகமே. வீட்டு வரி அவர் பேரில், மின் இணைப்பு அவர் பேரில், ரேஷன் கார்டில் தலைவர் அவர், கேஸ் புத்தகம் அவர், அவள் ஆஸ்பத்திரிச் சீட்டில்கூடப் பெயருக்குக் கீழே கணவர் பெயர் என்று ஒரு வரி, அதில் அவர். கை தன்பாட்டுக்குப் போய்விட்டது. அவள் வாயாக இருக்க வந்த பெட்டிக்கும் தன் பெயரை வைத்தாயிற்று. திறந்ததும் அவள் முதலில் பார்க்கப்போவது இதைத்தான். மகளைக் கூப்பிட்டார், குரலைத் தணித்துக்கொண்டார், உள்ளே உஸ்ஸென்ற சத்தம் சீராகத்தான் இருந்தது. "பேரை மாத்தலாமா கண்ணு?" "பேரு மட்டும் மாத்தலாங்கப்பா, ஆனா உள்ள சில எடத்துல பழைய பேரே நிக்கும்." "நிக்கப்படாது." "அப்பன்னா மொதல்ல இருந்து அழிச்சுத்தான் போடோணும். ஒரு மணி நேரம் ஆகும். பரவால்லீங்களா?" பரவாயில்லை என்றார். அவள் சொன்ன இடமெல்லாம் அழுத்தினார். எல்லாவற்றையும் அழிக்கவா என்று கேட்டது, ஆம். உறுதிதானா என்று கேட்டது, ஆம். இதை மீட்க முடியாது என்றது. இத்தனை தரம் கேட்கிறதே என்று அவருக்கு எரிச்சல்கூட வந்தது, பிறகு அந்த எரிச்சல் எங்கோ திரும்பி வந்து அவர்மேலேயே விழுந்தது.

ஒரு சதவீதம். இரண்டு சதவீதம். மேஜைக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஒரு மணி நேரம் ஆகும் என்று மகள் சொன்னபோது உள்ளுக்குள் ஏதோ இளகியதை அவரால் மறைக்க முடியவில்லை, யாரிடம் மறைப்பது, மேஜை நாற்காலியிடமா. வசந்தாமணி பேசவேண்டும் என்று இந்த இருபத்து நாலு நாளும் குலதெய்வத்தைக் கும்பிட்டுக் கொண்டிருக்கிறார், அது மெய். அவள் பேசினால் முதலில் என்ன கேட்பாள் என்று நினைத்துப் பயந்துகொண்டும் இருக்கிறார், அதுவும் மெய். ஏனுங்க எனக்குச் சொல்லலை. வேறு எதைக் கேட்பாள். கோயமுத்தூர் ஆஸ்பத்திரியில் டாக்டர் அவரை மட்டும் வெளியே கூப்பிட்டு, நடைபாதையில் தண்ணீர் டிரம் பக்கத்தில் நிறுத்தி, குரல்வளையை முழுசாக எடுத்தாகவேண்டும், உயிருக்கு ஆபத்தில்லை, ஆனால் பேச்சு வராது, அம்மாகிட்ட நீங்களே பக்குவமாச் சொல்லிருங்க சார் என்றார். பக்குவமாக. அரிசி வேகும் பக்குவம் தெரியும், கோப்பு நகரும் பக்குவம் தெரியும். பதினெட்டு சதவீதம். அவர் அறைக்குள் வந்து, "சின்னக் கட்டிதான், எடுத்துட்டா ரண்டு நாள்ல பேசிக்கலாம்," என்றார். அந்த ரண்டு நாள் எங்கிருந்து வந்தது என்று அவருக்கு இன்றுவரை தெரியவில்லை, டாக்டர் சொல்லவில்லை, யாரும் சொல்லவில்லை, வாயில் வந்தது. ஒரு நாள் என்று சொல்லியிருக்கலாம், பத்து நாள் என்று சொல்லியிருக்கலாம், பொய்யில் என்ன சிக்கனம். பிறகு நர்ஸ் காகிதக் கட்டைக் கொண்டுவந்தபோது அவரே வாங்கி, பக்கம் புரட்டி, கையெழுத்துப் போடவேண்டிய இடத்தில் விரலை வைத்தார். கல்யாணமாகி முப்பத்தொரு வருடமாக அப்படித்தான். பேங்க் ஆனாலும் பத்திரம் ஆனாலும் அவர் விரல் வைத்த இடத்தில் வசந்தாமணி போடுவாள். அன்றைக்கும் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள், பேனாவை வாங்கினாள், போட்டாள். திரையில் முப்பத்தொரு சதவீதம், முப்பத்திரண்டு, அங்கேயே நின்றது. நின்றே நின்றது. கெட்டுப்போய்விட்டதோ என்று எழுந்து பக்கத்தில் போய்ப் பார்த்தார், புள்ளிகள் சுழன்றுகொண்டுதான் இருந்தன. அறுவைக்கு முந்தின நாள் சாயங்காலம் அவள் பேசிக்கொண்டே இருந்தாள். அவள் எப்போதும் பேசுகிறவள்தான், ஆனால் அன்றைக்கு மூச்சு விடாமல் பேசினாள், தொட்டியில் தண்ணீர் நிரப்பினீர்களா என்று ஆரம்பித்து, பூங்கொடி பிறந்தபோது பெய்த மழை, தன் அப்பன் வீட்டில் கறந்த மாட்டுக்குக் கொம்பு ஒரு பக்கம் வளைந்திருந்தது, காப்பித்தூள் கடைக்காரன் இப்போது சிக்கரியை அதிகம் கலக்கிறான், எங்கெங்கோ போய் வந்தாள். தொண்டை கரகரத்தது, இரண்டு தரம் தண்ணீர் குடித்தாள், மறுபடியும் பேசினாள். அவரால் உட்கார முடியவில்லை. இந்தக் குரல் நாளைக்கு இல்லை என்று தெரிந்து அதையே கேட்டுக்கொண்டிருக்க எப்பேர்ப்பட்ட நெஞ்சு வேண்டும், அவருக்கு அது வாய்க்கவில்லை. மாத்திரை வாங்கி வருகிறேன் என்று எழுந்து போனார். திரும்பி வந்தபோது மயக்க மருந்து டாக்டரும் இன்னும் இரண்டு பேரும் அறையில் நின்றார்கள், பிறகு தூக்க மாத்திரை கொடுத்துவிட்டார்கள். அவள் கடைசியாகத் தன் குரலில் சொன்னது என்ன. சிக்கரியா. மாடா. அதற்குப் பிறகும் ஏதோ சொன்னாள், அவர் செருப்பைப் போட்டுக்கொண்டிருந்தார், ஏனுங்க என்றாள், அது நிச்சயம், அதற்குப் பின்னால்? தினமும் இந்த இடத்துக்கு வந்து நிற்கிறார், செருப்பு வார் தெரிகிறது, கட்டில் கால் தெரிகிறது, வார்த்தை மட்டும் வரமாட்டேன் என்கிறது. அறுபத்தாறு சதவீதம்.

நூறு ஆனபோது மணி மூன்றரை. மறுபடியும் நாடு, மொழி, விசைப்பலகை. இந்தக் கணினியைப் பயன்படுத்தப்போவது யார்? வசந்தாமணி என்று அடித்தார். முன்னெழுத்துப் போடலாமா என்று ஒரு கணம் யோசித்து, போட்டால் அதுவும் தன் பெயரிலிருந்துதான் வரும் என்று விட்டுவிட்டார். வணக்கம் வசந்தாமணி என்றது திரை. அவளை யாரும் அப்படி முழுப் பெயரில் கூப்பிட்டு வணக்கம் சொல்லி அவர் கேட்டதில்லை, நன்றாகத்தான் இருந்தது. பேசும் செயலியை மகள் சொன்னபடி இறக்கினார். மேலே எழுதுவதற்கு ஒரு நீள இடம், கீழே வரிசையாகச் சின்னக் கட்டங்கள், அடிக்கடி சொல்லும் வாக்கியங்களை ஒவ்வொரு கட்டத்திலும் முன்கூட்டியே எழுதி வைக்கலாம், தொட்டால் போதும், சொல்லிவிடும். இருபது கட்டம். இது நமக்குக் கைவந்த வேலை என்று நிமிர்ந்து உட்கார்ந்தார், எழுதினார், ஐந்து கட்டம் முடித்து வாசித்துப் பார்த்தார். குடிநீர் வழங்கவும். மருந்து உட்கொள்ளும் நேரம் வந்துவிட்டது. கழுத்துத் துணியை மாற்ற ஆவன செய்யவும். வலி அதிகமாக உள்ளது என்பதைத் தெரிவித்துக்கொள்கிறேன். மகளுடன் பேச விரும்புகிறேன். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது, இன்னும் பணிவுடன் வேண்டிக்கொள்கிறேன் என்று போட்டுக் கீழே தேதி மட்டும்தான் பாக்கி. வசந்தாமணியாவது ஆவன செய்யவும் என்பதாவது. எல்லாவற்றையும் அழித்தார். அவள் பேசுகிற மாதிரியே போடவேண்டும், அவள் எப்படிக் கேட்பாள், முதலில் தண்ணீரையே எடுத்துக்கொள்வோம். காதைத் தீட்டிக்கொண்டு மனசுக்குள் தேடினார். காய்க்காரியை அவள் கேட்கிற தொனி வந்தது, ஏம்மா இத்தனூண்டு வெண்டைக்காய்க்கு இந்த வெலையா. பக்கத்து வீட்டு ருக்மணியைக் கூப்பிடுகிற தொனி வந்தது. மகளைத் திட்டுகிற தொனி வந்தது. தண்ணி கொண்டாங்க என்று அவரிடம் அவள் சொல்லி, அது மட்டும் எங்கிருந்தும் வரவில்லை. மறுபடியும் தேடினார். காய்ச்சலில் கிடந்தபோது? அவளே எழுந்து போய்க் குடித்தாள். பூங்கொடி பிறந்த நேரத்தில்? அவள் அம்மா இருந்தாள். முப்பத்தொரு வருடத்தில் அவள் அவரிடம் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டதே இல்லை. இல்லாத வாக்கியத்தை எங்கே போய் ஞாபகப்படுத்துவது. விரல் விசைமேல் அப்படியே நின்றது, அவருக்கு வெட்கமாக இருந்தது, யாரும் பார்க்காத வெட்கம், அது இன்னும் மோசம். தன்னிடம் வேறு என்னதான் கேட்டிருக்கிறாள் என்று எண்ணிப் பார்த்தார், வரும்போது கருவேப்பிலை வாங்கிட்டு வாங்க, அது வீட்டுக்கு. சீக்கிரம் வந்திருங்க, அது அவருக்கு. முதல் கட்டத்தில் தண்ணி வேணுங்க என்று அவராகவே ஒன்றை எழுதினார். மற்ற பத்தொன்பதையும் காலியாக விட்டார்.

குரல் எப்படி இருக்கிறது என்று கேட்க ஒலியைக் குறைத்துக்கொண்டு கட்டத்தைத் தொட்டார். தண்ணி வேணுங்க என்றது ஒரு பெண் குரல், ரயில்வே ஸ்டேஷனில் வண்டி இன்னும் சற்று நேரத்தில் வந்து சேரும் என்று சொல்கிற குரல், கோபமோ தாகமோ இல்லாத குரல். இதுவா வசந்தாமணி. பரவாயில்லை, இந்தப் பெட்டி இல்லாமலே அவளுக்குப் பேச ஆள் உண்டு. நேற்றுக் காலை பின்புறச் சுவர் ஓரத்தில் ருக்மணியோடு நின்று, வாயசைத்தும் கையாட்டியும் அவள் ஏதோ சொல்லிக்கொண்டிருந்ததை அவர் பார்த்தார், தோள் குலுங்கச் சிரித்தாள், சத்தமில்லாத சிரிப்பு, ருக்மணிக்கு எல்லாம் புரிந்தது. அவர் பல் விளக்க அங்கே வந்ததும் நின்றுவிட்டது. அப்படியானால் தொண்டையால் மட்டும் வந்ததல்ல இந்த மௌனம். தொண்டையால் என்றால் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருக்கவேண்டும் அல்லவா. அவரிடம் சொல்ல அவளுக்கு ஒன்றும் இல்லை என்று ஆகிவிட்டால், இந்தப் பெட்டி இந்த மேஜையில் சும்மா உட்கார்ந்திருக்கும், தினமும் அவர் தூசி தட்டுவார், அதைவிட ஏனுங்க சொல்லலை என்று அவள் ஆயிரம் தரம் கேட்டுவிடலாம். அவர் இதை நினைத்துக்கொண்டிருந்தபோது உஸ்ஸென்ற சத்தம் உள்ளறையில் இல்லை, முதுகுக்குப் பின்னால் இருந்தது.

திரும்பினார். வசந்தாமணி கலைந்த தலையோடு நின்று திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "உனக்குத்தான். பூங்கொடி அனுப்பியிருக்கறா," என்று எழுந்து நாற்காலியை விட்டார். அவள் உட்கார்ந்தாள், கண்ணாடியை மாட்டினாள், மேலே இருந்த தன் பெயரைப் பார்த்தாள், எழுதியிருந்த ஒரே கட்டத்தைப் பார்த்தாள், தொட்டாள். தண்ணி வேணுங்க. சென்னியப்பன் ஓடினார், சொம்பைத் தேடி, டம்ளரில் ஊற்றி, பாதி கையில் சிந்திக் கொண்டுவந்து நீட்டினார். அவள் டம்ளரையும் அவரையும் பார்த்தாள். தோள் ஒரு தரம் லேசாகக் குலுங்கியது. வாங்கிக் குடித்தாள். பிறகு மேலே இருந்த நீள இடத்தைத் தொட்டு, ஆள்காட்டி விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அடிக்க ஆரம்பித்தாள். அவர் எதிர்ப்பக்கம் போய் உட்கார்ந்தார், எட்டிப் பார்க்கக் கூடாது என்று மேஜைத் துணியின் பூவைப் பார்த்தார். மனசு பதில் தயாரித்தது, ஒன்று, டாக்டர் அவசரப்படுத்தினார், இரண்டு, நீ பயந்துவிடுவாய், மூன்று, மூன்றாவது கிடைக்கவில்லை. விரல் தேடித் தேடி அடித்தது. ஒரு எழுத்தை அழித்தாள், மறுபடியும் அடித்தாள். அவள் ஒரு வாக்கியம் முடிக்கும்வரை அவர் இவ்வளவு நேரம் காத்திருந்ததே கிடையாது.

"அந்தக் காயிதத்தைப் படிச்சுட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்," என்றது அந்த ஸ்டேஷன் குரல்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியபோது காது இரண்டும் சூடாகிவிட்டன. கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவள் அந்தப் பக்கத்தை எவ்வளவு நேரம் பார்த்தாள், அவர் விரலைத்தான் பார்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தார், தமிழில்தானே அச்சடித்திருந்தது, எல்லாம் தெளிவாகத்தானே போட்டிருந்தது. "வசந்தா," என்று ஆரம்பித்தார். அவள் கையை உயர்த்தி நிறுத்தினாள், மறுபடியும் விரல் தேடியது. வெளியே யாரோ ஸ்கூட்டரை உதைத்து உதைத்துப் பார்த்துவிட்டுத் தள்ளிக்கொண்டு போனார்கள்.

"நீங்களே சொல்லுவீங்கன்னு பாத்தேன். சொல்லலை. இருக்கற வரைக்கும் பேசிக்கலாம்னு பேசினேன். எந்திரிச்சுப் போயிட்டீங்க. வீட்டுக்கு வந்தாவது சொல்லுவீங்கன்னு இத்தன நாளாப் பாத்துட்டு இருந்தேன்." கொஞ்ச நேரம் கழித்து, "அன்னிக்கு எங்க போனீங்க."

ஒன்று இரண்டு என்று கோத்து வைத்ததெல்லாம் எங்கோ போய்விட்டது. "மாத்திரை வாங்கப் போகலை," என்றார். "கீழ, வண்டி நிறுத்தற எடத்துல நின்னேன்."

இப்போது விரல் சீக்கிரம் வந்தது. "அழுதீங்களா," என்றது பெட்டி, கேள்வி மாதிரியே இல்லை.

"ஆமா. பயமா இருந்துச்சு வசந்தா. உங்கிட்ட வந்து சொல்றதுக்குத் தெகிரியம் வரலை. தப்புப் பண்ணீட்டேன்." சொல்லிவிட்டார். இருபத்து நாலு நாள் தூக்கிக்கொண்டு அலைந்தது இவ்வளவு சின்னதாக இருந்தது. அவள் கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தாள், மாட்டினாள், மறுபடியும் ஒவ்வொரு எழுத்தாக அடித்தாள், கடைசி விசைமேல் விரலை வைத்தபடி ஒரு கணம் அவரைப் பார்த்துவிட்டு அழுத்தினாள்.

"எனக்கும் பயந்தானுங்க. நீங்க செருப்பு மாட்டறப்ப அதைச் சொல்லத்தான் வாயெடுத்தேன்."

குரல் நடுங்கவே இல்லை, அவள்தான் விசைமேல் வைத்த விரலை எடுக்காமல் இருந்தாள். சென்னியப்பன் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவள் பக்கம் வந்து உட்கார்ந்தார்.